மிம்ஸஹா: கருவி பேணிய கலைஞர்கள்

திருக்குர்ஆனின் 68ஆம் அத்தியாயம் எழுதுகோலின் மீது சத்தியமிட்டுத் தொடங்குகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு முதன்முதலில் அருளப்பெற்ற வசனங்களிலும் எழுதுகோல் இடம்பெற்றுள்ளது. இவ்விடங்களை விளக்கப் புகுந்த விரிவுரையாளர்கள் கல்வியின் மேன்மையைப் பேசினர். அதே வசனங்களை ஓதி வளர்ந்த எழுத்தர்களும் நூற்கலைஞர்களும் மற்றொன்றையும் பேசினர். கோலை எவ்வாறு சீவுவது, மையை எவ்வாறு கலக்குவது, எழுதி முடித்த பின் கருவியை எவ்வாறு துடைத்து வைப்பது என்பனவே அவை. முதல் மரபை நம் மேடைகள் இன்றும் முழங்குகின்றன. இரண்டாம் மரபோ ஏறத்தாழ மறக்கப்பட்டுவிட்டது. அம்மரபைக் குறித்துச் சிறிது எழுதுவதே நம் நோக்கம்.

இதற்கு நம் சொந்த அனுபவம் ஒன்றும் காரணம். நாம் மாணவராக இருந்த காலத்தில், ரமளானுக்கு முன்னர் மதரஸாவின் பழைய ரைஹால் பலகைகளுக்கு வார்னிஷ் பூசும் பணி நமக்கு இடப்பட்டது. கிடைத்த பிரஷ்ஷை எடுத்துப் பூசினோம். அது முன்பு ஜன்னலுக்குப் பச்சை வண்ணம் அடித்த பிரஷ் என்பதை நாம் கவனிக்கவில்லை. தேக்கின் நிறம் தெரிய வேண்டிய பலகைகளில் பச்சைக் கீற்றுகள் படர்ந்தன. அதுமட்டுமன்று, வேலை முடிந்ததும் பிரஷ்ஷை அப்படியே டப்பாவில் நிறுத்திவிட்டு அஸர் தொழுகைக்குச் சென்றோம். மறுவாரம் பார்த்தபோது அது மரக்கட்டையாகிக் கிடந்தது. நம் ஹஜ்ரத் அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. நூலகத்திலிருந்து தடித்த நூலொன்றைக் கொணரச் செய்து, ஒரு பக்கத்தைப் பிரித்து, "இதைப் படித்துப் பொருள் சொல்லும்" என்றார்கள். அப்பக்கத்தில் இருந்த ஒரு சொல்லே இக்கட்டுரையின் தலைப்பு.

பதினேழு மீம்கள்

அந்நூல் அஹ்மத் அல்-கல்கஷந்தீ (கி.பி. 1355–1418) அவர்களின் 'ஸுப்ஹுல் அஃஷா'. மம்லூக்குகளின் கெய்ரோ அரசுச் செயலகத்தில் பணியாற்றிய இவ்வறிஞர், எழுத்தருக்குத் தேவையான அறிவு அனைத்தையும் திரட்டி இதனை யாத்தார். அச்சில் 14 தொகுதிகளாக விரியும் இப்பெருநூலில் அரசியல் மடல்களும் நாடுகளின் வருணனைகளும் உண்டு. மைக்கூட்டின் உள்ளே என்னென்ன இருக்க வேண்டும் என்னும் செய்தியும் உண்டு.

எழுத்தரின் கருவிகள் பதினேழு என்றும், அவற்றின் பெயர்கள் அனைத்தும் 'மீம்' எழுத்தில் தொடங்குவன என்றும் அவர் வகுக்கிறார். கோல் (மிஸ்பர்), கோலுறை (மிக்லமா), சீவும் கத்தி (முத்யா), கோலின் முனையை வைத்து வெட்டும் கட்டை (மிகத்து), மைக்குப்பி (மிஹ்பரா), மை கலக்கும் குச்சி (மில்வாக்), சாணைக்கல் (மிஸன்னு) என அப்பட்டியல் நீள்கிறது. இவற்றுள் ஒன்றுதான் 'மிம்ஸஹா'. துடைப்பதற்கான பொருள் என்பது இச்சொல்லின் பொருள்.

கம்பளியோ பட்டோ வேறு உயர்ந்த துணியோ கொண்டு, அடுக்கடுக்காக வைத்துத் தைக்கப்பட்டது மிம்ஸஹா. எழுதி முடித்தவுடன் அதன் உட்புறத்தில் கோலைத் துடைக்க வேண்டும். மை கோலிலேயே உலர்ந்து அதைக் கெடுத்துவிடக் கூடாது என்பதே காரணம் என்கிறார் கல்கஷந்தீ. துடைக்கும் துணிதானே என்று கிழிசல் ஒன்றை ஒதுக்கிவைக்காமல், அதற்குப் பெயரிட்டு, வடிவம் கொடுத்து, கோலுக்கும் கத்திக்கும் சமமாக ஒரே வரிசையில் அதை அமர்த்தியிருப்பதை நாம் கவனிக்க வேண்டும். துப்புரவு வேலைக்குப் பின்னால் வரும் சில்லறைப் பணியாகக் கருதப்படவில்லை. அது வேலையின் ஓர் உறுப்பாகவே எண்ணப்பட்டது.

மைக்கூட்டினுள் இடப்படும் பட்டு அல்லது பஞ்சுத் திரளுக்கு 'லீகா' என்று பெயர். கோல் மையை அளவோடு எடுக்க அது துணைசெய்யும். அதனை மாதந்தோறும் புதுப்பிக்க வேண்டும், எழுதி முடித்ததும் மைக்கூட்டை மூடிவைக்க வேண்டும் என்னும் அறிவுரைகளும் அந்நூலில் உள்ளன. இரவில் பாத்திரங்களை மூடிவைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததை ஓதிய சமுதாயம், மைக்கூட்டையும் மூடக் கற்றுக்கொண்டது இயல்பே.

கல்கஷந்தீக்கு முன்னரும் இத்துறையில் நூல்கள் எழுந்தன. கி.பி. 11ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவை ஆண்ட ஸீரீ மரபின் முஇஸ் இப்னு பாதீஸின் பெயரால் வழங்கும் 'உம்ததுல் குத்தாப்' கோல், மை, வண்ணம், பொன்மை, பசை, நூற்கட்டு ஆகியவற்றை விளக்குகிறது. அந்தலூஸைச் சேர்ந்த பக்ர் அல்-இஷ்பீலீ கி.பி. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் நூற்கட்டுக் கலைக்கெனவே தனி நூல் இயற்றினார். அரசரும் கைவினைஞரும் ஒரே பொருளைப் பற்றி எழுதிய காலம் அது.

கோலிலிருந்து தூரிகைக்கு

நாணற்கோலைப் பேணுவது எளிது. புகைக்கரியையும் கருவேலம் பிசின் போன்ற பிசினையும் நீரில் குழைத்துச் செய்யப்பட்ட மை, உலர்ந்த பின்னும் நீர் பட்டால் மீண்டும் கரையும். இஸ்தான்பூலில் 1557இல் கட்டி முடிக்கப்பெற்ற சுலைமானிய்யா பள்ளிவாசலில், எண்ணெய் விளக்குகளின் புகை ஒரு தனி அறைக்குச் சென்று படியுமாறு காற்றோட்டம் அமைக்கப்பட்டது. அங்குத் திரண்ட கரி மைக்குப் பயன்பட்டது. அத்தகைய மை கோலில் காய்ந்துபோனாலும் ஈரத்துணி அதை மீட்டுவிடும்.

தூரிகையின் கதை வேறு. பாரசீகத்திலும் பின்னர் முகலாய இந்தியாவிலும் நுண்ணோவியர்கள் அணில் வால்முடியாலும் பூனைக்குட்டியின் முடியாலும் தூரிகை கட்டினர். ஸஃபவீ மன்னர் ஷாஹ் அப்பாஸின் நூலகத் தலைவராக இருந்த ஸாதிகீ பேக் (1533–1610), ஓவியத் தொழிலின் நுணுக்கங்களைப் பாரசீகச் செய்யுளில் 'கானூனுஸ் ஸுவர்' என்னும் நூலாக யாத்தார். தூரிகைக்கு முடி தேர்ந்து கட்டும் முறையையே அவரும் விளக்கத் தலைப்பட்டார். அரசவைக் கலைஞர் ஒருவர், செய்யுள் யாக்கும் புலமையைத் தூரிகை கட்டுவதைச் சொல்லவும் பயன்படுத்தினார் என்பது எண்ணி மகிழத்தக்கது.

நீரில் குழைத்த வண்ணம் தீட்டும் தூரிகையைக் கழுவுவதும் கடினமன்று. தூரிகைகளுள் பேணுவதற்கு மிகக் கடினமானது மெருகெண்ணெய், அதாவது வார்னிஷ், பூசும் தூரிகையே.

கி.பி. 15ஆம் நூற்றாண்டின் இறுதியில், ஹிராத் நகரில் சுல்தான் ஹுஸைன் பைகராவின் (ஆட்சி 1469–1506) அவையில், நூலின் மேலட்டையில் ஓவியம் தீட்டி அதன்மேல் மெருகு பூசும் கலை தழைத்தது. பின்னர் ஈரானில் ஸஃபவீ, காஜார் மரபினர் காலங்களில் 'கலம்தான்' எனப்படும் எழுதுகோற் பெட்டிகள், கண்ணாடி உறைகள், பேழைகள் முதலியன இம்முறையில் செய்யப்பட்டன. காகிதக்கூழை அச்சில் வார்த்து உலர்த்தி, மேற்பரப்பை வழவழப்பாக்கி, நீர்வண்ணத்தால் ஓவியம் தீட்டி, அதன்மேல் தெளிந்த மெருகைப் பலமுறை பூசுவர். அடியிலுள்ள ஓவியம் பிசின் கலந்த நீர்வண்ணம். ஒரு துளி நீர் விழுந்தாலும் அது கலையும். மெருகே அதன் கவசம்.

இம்மெருகின் முதன்மைப் பொருள்கள் இரண்டு. ஒன்று, 'ஸந்தரூஸ்' என்று அரபியில் வழங்கும் மரப்பிசின். மற்றொன்று ஆளிவிதை எண்ணெய். பிசினைக் காய்ச்சி எண்ணெயில் கலந்தால் தேன் போன்ற தைலம் கிடைக்கும். பாரசீகர் இதனை 'ரவ்கன்' என்பர். எண்ணெய் என்பதே அதன் பொருள். எழுதுகோலைப் போற்றிய சமுதாயம் அக்கோலை வைக்கும் பெட்டியையும் எழிலுறச் செய்தது. அவ்வெழிலை முடித்துக் கொடுத்தது மெருகுத் தூரிகை.

உலர்தல் இருவகை

மெருகுத் தூரிகையைப் பேணுவதில் எழும் இடர் என்ன என்பதை அறிய, பூச்சு உலர்வது எப்படி என்பதைச் சற்று அறிய வேண்டும்.

நம் நாட்டில் தொன்றுதொட்டு வழங்கும் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் தச்சர்கள் மரத்துக்குப் பூசுவதைப் பார்த்திருப்போம். அங்கே ஸ்பிரிட் ஆவியாகிப் போகிறது. அரக்கு மட்டும் எஞ்சுகிறது. அரக்கு தன் இயல்பில் மாறாததால், மீண்டும் ஸ்பிரிட் பட்டால் கரையும். கட்டியாகிவிட்ட தூரிகையை ஸ்பிரிட்டில் ஊறவைத்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

ஆளிவிதை எண்ணெய் அவ்வாறு உலர்வதில்லை. அது காற்றிலுள்ள ஆக்ஸிஜனை உட்கொண்டு, தன் மூலக்கூறுகளை ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, வேறொரு திடப்பொருளாகவே மாறிவிடுகிறது. பின்னப்பட்ட அந்த வலையை நீரும் கரைக்காது, டர்பன்டைனும் கரைக்காது. நாம் மாணவப் பருவத்தில் டப்பாவில் விட்டுச் சென்ற பிரஷ்ஷுக்கு நேர்ந்தது இதுவே. முடிகளின் இடையே, குறிப்பாக அவை கைப்பிடியோடு சேரும் அடியில், தேங்கிய எண்ணெய் கெட்டிப்பட்டால் முடிகள் விரிந்து, முனை பிளந்து, தூரிகை பயனற்றுப் போகும்.

இதனை ஓர்ந்து பார்க்கும்போது கல்கஷந்தீயின் மிம்ஸஹாவின் சிறப்பு மேலும் விளங்கும். மை உலர்வதற்கு முன் துடை என்று எழுத்தருக்குச் சொன்னது நல்லுரை. மெருகு பூசுவோருக்கோ அது தவிர்க்கவியலாத விதி. எழுத்தர் தவறினால் நீர் அவருக்கு இரண்டாம் வாய்ப்பளிக்கும். மெருகு பூசுவோருக்கு அவ்வாய்ப்பில்லை.

பேணும் முறை

இன்று ஓவியர்களும் பழம்பொருள் பேணுநர்களும் கைக்கொள்ளும் முறை அதே அடிப்படையில் அமைந்ததே. நாம் கற்றவற்றை நிரலாகச் சொல்வோம்.

மெருகுக்கெனத் தனித் தூரிகை வேண்டும். வண்ணம் தீட்டிய தூரிகையை எத்துணைக் கழுவினாலும் அடிமுடியில் வண்ணத்துகள் எஞ்சும். மெருகின் கரைப்பான் அதை வெளியே இழுத்துவிடும். நம் ரைஹால்களில் பச்சை படர்ந்தது அதனால்தான்.

பணி முடிந்ததும் தூரிகையில் எஞ்சியதைக் கலத்தின் விளிம்பில் வழித்து, பஞ்சு உதிராத துணியில் அடியிலிருந்து முனை நோக்கி மெல்ல அழுத்தித் துடைக்க வேண்டும். பெரும்பகுதி அழுக்கு இத்துடைப்பிலேயே நீங்கும். அடுத்து, பூசிய மெருகுக்கு ஏற்ற கரைப்பானில் அலச வேண்டும். எண்ணெய் மெருகுக்கு டர்பன்டைன், அரக்குக்கு ஸ்பிரிட். ஒருமுறை அலசிய கரைப்பான் கலங்கிவிடுமாதலால், புதிதாக ஊற்றி மீண்டும் அலசுவது நன்று.

பின்னர் மென்மையான சோப்பும் வெதுவெதுப்பான நீரும் கொண்டு கழுவுக. ஒலிவ எண்ணெயும் காரமும் சேர்த்துக் காய்ச்சிய சோப்புக்கு ஹலபும் நாபுலுஸும் நெடுங்காலமாகப் பெயர்பெற்றவை. சோப்புக்கு உயிரான அக்காரத்தை ஐரோப்பியர் 'ஆல்கலி' என்பது, செடிச் சாம்பலைக் குறிக்கும் 'அல்-கிலீ' என்னும் அரபுச் சொல்லிலிருந்தே. காரம் மிகுந்த துணிச்சோப்பு முடியின் மேற்செதிலைக் கெடுக்கும். கொதிநீர் முடியைப் பிணைத்த பசையை இளக்கும். இரண்டையும் தவிர்க்க வேண்டும்.

கழுவிய தூரிகையின் முனையை விரலால் கூட்டி வடிவமைத்து, படுக்கையாகவோ முடி கீழ்நோக்கத் தொங்கவிட்டோ உலர்த்த வேண்டும். முடி மேல்நோக்க நிறுத்தினால் நீர் அடிக்குள் இறங்கும். முடியின் மேல் எடை படுமாறு கலத்தில் குத்தி நிறுத்தினால் முனை வளைந்துவிடும். ஈரம் முற்றிலும் நீங்கும் முன் அத்தூரிகையால் மெருகு பூசலாகாது. ஈரம் கலந்த மெருகு பனி படர்ந்தாற்போல் வெளுக்கும்.

ஓர் எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணிகளைக் கசக்கி மூலையில் குவித்து வைக்கலாகாது. எண்ணெய் உலரும்போது வெப்பம் வெளிப்படும். குவியலின் உள்ளே அவ்வெப்பம் திரண்டால் தீப்பொறியின்றியே நெருப்புப் பிடிக்கும். அவற்றை விரித்து உலர்த்துவதோ நீரில் அமிழ்த்தி வைப்பதோ செய்ய வேண்டும். மரத்தடுப்பும் நூல்களும் நிறைந்த நம் நூலக அறைகளில் இதனை மறத்தலாகாது.

நெடுநாள் பயன்படுத்தாத தூரிகையை அந்துப்பூச்சி அரிக்கும். இத்தாலிய ஓவியர் சென்னினோ சென்னினி கி.பி. 1400ஐ ஒட்டி எழுதிய கைந்நூலில், அணில்வால்களை அந்து அரிக்காமல் காக்க ஈரக் களிமண்ணில் தோய்த்துத் தொங்கவிடுமாறு கூறுகிறார். மொழியும் மார்க்கமும் வேறாயினும், கருவியின் மீதான கவலை எங்கும் ஒன்றே.

முடியும் மார்க்கச் சட்டமும்

நம் வாசகர்களுக்கு இங்கு மற்றொரு வினா எழும். தூரிகையின் முடி எவ்வுயிரினுடையது? வெளியே ஒட்டிய அழுக்கைக் கழுவலாம். முடியே அசுத்தமெனில் எவ்வாறு கழுவுவது?

சென்னினியே அணில்முடித் தூரிகையோடு பன்றிமுடித் தூரிகையையும் விளக்குகிறார். விறைப்பும் நுனிப்பிளவும் கொண்ட பன்றிமுடி, தடித்த எண்ணெயை நன்கு தாங்கிப் பரப்பும். ஆதலால் மெருகுத் தூரிகைகளும் சுவர்ப் பூச்சுத் தூரிகைகளும் உலகெங்கும் பெரிதும் அம்முடியாலேயே செய்யப்பட்டு வந்தன.

ஷாஃபிஈ மத்ஹபின்படி பன்றி முழுவதும் நஜீஸ். முடியும் அதில் அடங்கும். ஹனஃபீ மத்ஹபில் ஏனைய பிராணிகளின் முடி தூய்மையானது. அதில் உயிரோட்டம் இல்லை என்பது அவர்தம் வாதம். பன்றிமுடியை அவர்கள் விலக்காக வைத்தனர். எனினும், தோல் தைப்போருக்கு அக்காலத்தில் அதற்கு மாற்றுக் கிடைக்காமையால், தேவை கருதி அத்தொழிலுக்கு மட்டும் அதனைப் பயன்படுத்த இசைந்தனர் என்பதை 'ஹிதாயா' ஓதிய மாணவர் அறிவர். மாலிகீ மத்ஹபில் பிரபலமான கருத்து, கத்தரித்தெடுத்த முடி தூய்மையானது என்பது. சட்ட அறிஞர்கள் கைவினைஞரின் பட்டறையை அறியாதவர்களாய் இருந்து தீர்ப்பளிக்கவில்லை என்பதற்கு இவ்விவாதமே சான்று.

இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் (மறைவு கி.பி. 1277) 'மின்ஹாஜ்' நூலில் உண்ணத் தகுந்த பிராணிகளுள் 'ஸம்மூர்' என்பதையும் எண்ணுகிறார்கள். ஆங்கிலேயர் 'சேபிள்' என்பது அதுவே. ஆயினும் இன்று 'சேபிள்' எனக் கடைகளில் விற்கப்படும் ஓவியத் தூரிகைகள் பெரும்பாலும் வேறொரு மரநாய் இனத்தின் முடியால் ஆனவை. பெயரை மட்டும் கண்டு தீர்ப்புக் கூறுவது பொருந்தாது.

மலேசியாவில் பன்றி, நாய் ஆகியவற்றின் உறுப்புகளால் ஆன பொருள்கள் அவ்வாறு அடையாளமிடப்பட்டுத் தனியே விற்கப்பட வேண்டும் என 2013இல் ஆணை வந்தது. அவ்வாறு அடையாளமிடாத 2000க்கும் மேற்பட்ட தூரிகைகளை அந்நாட்டு அதிகாரிகள் 2017இன் தொடக்கத்தில் கைப்பற்றினர். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கீரியைக் காக்கிறது. ஆகவே கீரிமுடித் தூரிகையின் வாணிகம் குற்றமாகும். தோல் தைப்போர் அன்று வேண்டிய மாற்று இன்று நம் கையில் உள்ளது. நைலான் போன்ற செயற்கை இழைத் தூரிகைகள் எங்கும் கிடைக்கின்றன. எண்ணெய் மெருகுக்கு நன்கு பயன்படுகின்றன. அந்தும் அவற்றை அரிப்பதில்லை. தேவை கருதிய இசைவு, தேவை நீங்கியபின் நிலைப்பதில்லை என்பது நாம் ஓதும் விதியே. பள்ளிவாசலின் மிம்பருக்கும் குர்ஆன் பேழைக்கும் மெருகு பூசுவோர், விலை கேட்கும் முன் முடி எதுவெனக் கேட்பது முறை.

எஞ்சியது

ஹதீஸ் கலை வல்லுநர் இப்னுல் ஜவ்ஸீ (ரஹ்) அவர்கள் (மறைவு கி.பி. 1201) நபிமொழிகளை எழுதிய கோல்களின் சீவல்களைச் சேர்த்து வைத்தார்கள் என்றும், தம் ஜனாஸாவைக் குளிப்பாட்டும் நீரை அவற்றால் காய்ச்சுமாறு வேண்டினார்கள் என்றும், அவ்வாறே செய்தபின்னும் சீவல்கள் எஞ்சின என்றும் இப்னு கல்லிகான் குறித்துள்ளார். கழிவென நாம் பெருக்கித் தள்ளுவதை அப்பெருமகனார் மறுமைக்கான துணையாகக் கருதினார்கள்.

ஏட்டுச் சுவடிகளிலும் மெருகிட்ட பெட்டிகளிலும் எழுதியவர் பெயரும் தீட்டியவர் பெயரும் சில வேளைகளில் காணப்படும். மாலையில் அமர்ந்து தூரிகையைத் துடைத்துக் கழுவிய பட்டறைச் சிறுவனின் பெயர் எங்கும் இல்லை. ஆனால் மறுநாள் பூசிய மெருகு கீற்றின்றித் தெளிந்திருந்ததென்றால், அதில் அவனுக்கும் பங்குண்டு. ஐந்நூறு ஆண்டுகள் கழித்து அதன் அடியிலுள்ள மலரை நாம் காண்கிறோம் என்றால், அவன் கையும் நமக்கு உதவியிருக்கிறது.

அன்று அப்பக்கத்தைப் படித்துப் பொருள் சொல்லி முடித்ததும் ஹஜ்ரத் அவர்கள் நம்மிடம் கேட்டது ஒன்றே: "வேலை எப்போது முடிந்தது?" பலகைகள் உலர்ந்தபோது என்றோம். "இல்லை தம்பி, பிரஷ் உலர்ந்து உறைக்குள் போகும்போதுதான்" என்றார்கள். பச்சைக் கீற்றுப் படர்ந்த அப்பலகைகளுள் ஒன்றை அவர்கள் மாற்ற விடவில்லை. நாம் பாடம் நடத்தும் அறையில் இன்றும் அது இருக்கிறது. கிதாபை அதன்மேல் விரிக்குந்தோறும் மிம்ஸஹா என்னும் சொல் நம் நினைவுக்கு வருகிறது.